பால்கறவை மீட்டரும் பந்தயக் காரின் பிரேக்கும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் எங்கள் பட்டறை இருக்கிறது. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. எஞ்சின் வேலை என் கணவருக்கு, பிரேக் வேலை எனக்கு. கல்யாணமான புதிதில், "பொம்பளையா பிரேக்கு பாக்குது?" என்று லாரியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் உண்டு. இப்போது அவர்களே வந்து, "அந்தம்மா இல்லீங்களா? சரி, நாளைக்கு வரேன்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் எனக்குள்ள திமிரை நான் மறைப்பதில்லை.

அந்தத் திமிருக்கு வேட்டு வைத்தது எங்கள் சொந்தக் கார். பழைய பெட்ரோல் கார். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில் ஓட்டும் ஆசையில் என் கணவர் எஞ்சினைப் பிரித்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டில் பந்தயத்துக்கென்று செய்த ஒன்றை வரவழைத்துப் போட்டார். வண்டி சீறியது. ஆனால் நிற்க மறுத்தது. ஒருநாள் கீழப்பழுவூர் வேகத்தடையருகே அவர் மிதித்த பெடல் கல்லாக இறுகிக்கொள்ள, கார் ஊர்ந்துபோய் முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தில் இடித்தது. பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அடி பெரிதில்லை. ஆனால் அது எங்களிடம் வழக்கமாக வேலைக்கு வரும் லாரி. அன்று அதன் உரிமையாளரே ஓட்டி வந்திருந்தார்.

"சொந்த வண்டியவே நிறுத்த முடியல. என் லாரிய எப்படிம்மா நிறுத்துவீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அடுத்த வாரம் பிரேக் வேலைக்கு வர வேண்டிய அவருடைய லாரி வரவில்லை. வேறு பட்டறைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இந்தச் சாலையில் லாரி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவர் பேச்சைக் கேட்பவர்கள்.

"பிரேக்கு உன் டிபார்ட்மெண்டு" என்று என் கணவர் கழன்றுகொண்டார். பிரேக் பேட் மாற்றினேன். பிரேக் ஆயில் பைப்பில் புகுந்திருந்த காற்றை எடுத்தேன். பெடலுக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டரையே புதிதாக வாங்கி மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. மாற்றுவதற்கு வேறு சாமான் இல்லை என்றான பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். பட்டறைக்காரர்களுக்கு எப்போதும் கைதான் முந்திக்கொள்ளும்.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது மிதித்தால் நன்றாகவே பிடித்தது. ஊருக்குள் எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் சண்டித்தனம். எஞ்சினை அணைத்து, பெடலைச் சில முறை மிதித்துவிட்டு, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தேன். பூஸ்டர் உதவிக்கு வந்தால் கால் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. இடது காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து விட்டேன். பிரேக் பெடல் மெத்தென்று இறங்கியது. பூஸ்டரில் குறையில்லை, அதற்குச் சாப்பாடுதான் போகவில்லை.

பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பில்தான் பூஸ்டர் வேலை செய்கிறது. வேக்குவம் என்போம். எங்களிடம் இருந்ததெல்லாம் லாரியின் காற்றழுத்தம் பார்க்கும் மீட்டர்கள். இழுப்பை அளக்க ஒன்றும் இல்லை. அப்போது கல்லங்குறிச்சியில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் தெரிந்த அக்கா ஒருவரின் ஞாபகம் வந்தது. பால்கறக்கும் எந்திரமும் இழுப்பில்தானே ஓடுகிறது!

"ஏன், காருல பால் கறக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அக்கா மீட்டரைக் கழற்றித் தந்தார். அவருடைய காரும் எங்கள் காரின் மாடல்தான், யாரும் கைவைக்காத எஞ்சின். முதலில் அதில் மாட்டினேன். முள் நன்றாக ஏறி அசையாமல் நின்றது. எங்கள் காரில் மாட்டினேன். பாதிகூட ஏறாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, பிரேக்குல ஒரு கோளாறும் இல்லைங்க. எல்லாம் உங்க கேம்ஷாஃப்ட்டு பண்ற வேலை."

"பிரேக்கு புடிக்கலன்னா எஞ்சின் என்னடி பண்ணும்?" என்று எகிறினார்.

அவரை மட்டும் சொல்லி என்ன? நாங்கள் டீசலிலேயே பிழைத்தவர்கள். லாரி பிரேக்குக்குத் தனிக் கம்ப்ரஸர், டீசல் வேனுக்குத் தனி வேக்குவம் பம்பு. கேம்ஷாஃப்ட்டை மாற்றினால் பிரேக் கெடும் என்பது எங்கள் இருவர் புத்தியிலும் இல்லை. பந்தயக் கேம்ஷாஃப்ட் வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. வேகத்தில் அது பலம், மெதுவாக ஓடும்போது இழுப்பு கலைந்துவிடுகிறது.

"பழசையே எடுத்துப் போட்டுடறேன்" என்றார். முகம் தொங்கிவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் எஞ்சினைக் கெடுத்துத்தான் என் பிரேக் பிழைக்க வேண்டுமா? காயலான் கடைக்குப் போகவிருந்த டீசல் வேன் ஒன்று எங்கள் பட்டறையில் கிடந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அதன் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வேக்குவம் பம்பு உண்டு. ஆல்டர்னேட்டரோடு கழற்றி, பம்பைக் கழுவினேன். அதை எங்கள் கார் எஞ்சினில் உட்காரவைக்கும் பிராக்கெட்டை அவர் வெல்டு வைத்தார். பம்புக்கு எஞ்சின் ஆயில் போகவும் திரும்பவும் நான் குழாய் போட்டேன். பூஸ்டருக்குப் போகும் குழாயில் பால் மீட்டரை மாட்டி ஸ்டார்ட் செய்தோம். எஞ்சின் மெதுவாக ஓடும்போதே முள் ஏறி, ஆணியடித்த மாதிரி நின்றது.

"அடிப்பாவி!" என்றார். அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அன்று சாயங்காலமே காரை அந்த லாரிக்காரர் வீட்டுக்கு ஓட்டிப்போனேன். "நீங்களே ஓட்டிப் பாருங்கண்ணே" என்று சாவியை நீட்டினேன். பெல்ட்டும் போடச் சொன்னேன். லாரி மிதித்த கால் அல்லவா, தெருமுனையில் முழுப் பலத்தோடு மிதித்தார். பெல்ட் இருவர் நெஞ்சையும் அறுத்தது. நம்பாமல் இன்னொரு முறை மிதித்தார். இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"இது டீசல் பம்பாச்சே. யாரு யோசனை?"

"நாந்தாண்ணே." அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகவே அவ்வளவு தூரம் போயிருந்தேன். அப்படிப் பெருமையாக இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை காலை அவருடைய லாரி எங்கள் வாசலில் நின்றது. என் கணவர் ஓடிப்போய்ச் சாவிக்குக் கை நீட்டினார். லாரிக்காரர் கொடுக்காமல் என்னைத் தேடி உள்ளே வந்தார்.

"வேற எடத்துல பாத்தது சரியில்லம்மா. நீங்களே முழுசாப் பிரிச்சுப் பாருங்க."

"திங்கக்கெழம ஆவும்ணே. பரவால்லீங்களா?" என்றேன்.

ஒரு நாள் வேலைதான். அது அவருக்கும் தெரியும். என் கையில் சாவியை வைத்துவிட்டு, திங்கட்கிழமை வரை காத்திருந்தார்.