கயிற்றால் பேசிய ராசம்மா அக்கா

நேற்று விடிந்ததும் சுங்கைப் பட்டாணியிலிருந்து தொலைபேசி. "சின்னம்மா, அம்மா போயிட்டாங்க." அழைத்தது ராசம்மா அக்காவின் மகள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அக்காவைக் கூட்டிப்போக எமனுக்கு அவ்வளவு துணிச்சலா!

மலாயாவில், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களா நாய்களைப் பராமரித்தவர் அக்கா. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை ஓடிவிட்டார். அவருடைய இரண்டு பெரிய நாய்கள் பட்டினியில் கிடந்தன. பிறகு எங்கள் அப்பாமார்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். வண்டி மாடுகளையும் பட்டாளம் பிடித்துக்கொண்டது. அக்கா ரப்பர் பால் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்துப் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, சேற்றில் வழுக்கிப்போகும் சறுக்குவண்டி செய்தார். நாய்கள் இழுத்தன. தகப்பனில்லாமல் திரிந்த பிள்ளைகள் நாங்கள் ஓட்டினோம். மரவள்ளிக்கிழங்கும் விறகும் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தன.

"மொதல்ல நாய்க்குப் போடு, அப்புறம் நீ தின்னு. பசிச்ச வயித்துக்கு உன் பேச்சு ஏறாதுலா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்களுக்கே கஞ்சிக்கு வழியில்லை, நாய்க்கு என்ன வாழ்வு! ஆனாலும் அக்காவிடம் வாதாடி யார் ஜெயிப்பது?

ஒரே தலைவலி, அந்த நாய்களுக்குத் துரையின் இங்கிலீஷ் மட்டுமே புரியும். ஜப்பான்காரன் காதில் அது விழுந்தால் உளவாளி என்று இழுத்துப் போய்விடுவான். அதனால் கயிற்றைத் தளர்த்தினால் நடக்கவும் இறுக்கினால் உட்காரவும் அக்கா அவற்றைப் பழக்கினார். "வாயத் தொறக்காத பாப்பா. கயித்தால பேசு."

என் தம்பி முருகையனுக்குக் குளிர்காய்ச்சல் முற்றி நினைவு தப்பியது. டவுன் ஆஸ்பத்திரியில்தான் கொய்னா மருந்து. பலகையில் படுக்கவைத்து நானும் அக்காவும் புறப்பட்டோம். பாலத்தில் காவல் சிப்பாய். குனிந்து வணங்கினோம். அவன் கையிலிருந்த கருவாட்டை மோப்பம் பிடித்து ஒரு நாய் பாய்ந்தது. "சிட்! சிட்!" என்று துரையின் இங்கிலீஷிலேயே கத்திவிட்டார் அக்கா. எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்ன அக்காவே!

நாய் உட்கார்ந்தது. அக்காவின் இடது கன்னத்தில் விழுந்த அறையில் அவர் சேற்றில் சாய்ந்தார். நாய்கள் இரண்டும் உறுமி எழுந்தன. துப்பாக்கிக் கத்தி அவற்றின் பக்கம் திரும்பியது. நாய்கள் போனால் தம்பியும் போனான். எனக்குத் தொண்டைவரை அலறல் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இறுக்கினேன். உறுமிக்கொண்டேதான் உட்கார்ந்தன. சிப்பாய் என்னைப் பார்த்தான், நடுங்கிக்கொண்டு கிடந்த தம்பியைப் பார்த்தான். போ என்று கையை ஆட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா தமக்கென்று முடிந்து வைத்திருந்த கிழங்கை நாய்களுக்குப் போட்டார். காதிலிருந்து ரத்தம் வடிந்தது. "நான் வாயத் தொறந்துட்டேன். நீ தொறக்கல. போதும்லா" என்றார். அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை. அன்றிலிருந்து நாங்கள் அவருடைய வலப்பக்கம் நின்றே பேசினோம்.

நேற்று முருகையன்தான் பாடைக்கு முதல் தோள் கொடுத்தான். அதற்கு முன்னால், அக்கா வளர்த்த கிழட்டு நாய் காலையிலிருந்து பட்டினியாகப் படியில் கிடந்ததைப் பார்த்தேன். பக்கத்து வீட்டார் எனக்குக் கொடுத்த சோற்றை அதற்கு வைத்தேன். பிறகு அக்காவின் வலது காதருகே குனிந்தேன்.

"நாய்க்குப் போட்டாச்சு அக்கா. நீங்க போயிட்டு வாங்க."