ஜீப்பின் மூக்கை உயர்த்தி வைத்தது

மலாக்கா பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து அதன் மேல் டிவிஷனுக்குப் போகும் வழியில் ஒரு சுங்கை, சின்ன ஆறு, உண்டு. அதன் மேலிருந்த மரப்பாலத்தை, வெள்ளைக்கார சர்க்கார் போட்ட எமர்ஜென்சி தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே எரித்துவிட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள்தான் எரித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தோட்டத்துத் துரை அதைத் திரும்பக் கட்டவில்லை. கட்டினால் மறுபடி எரிப்பார்கள் என்றார். மேல் டிவிஷன் லயத்து ஆட்களை எல்லாம் முள்கம்பி வேலிக்குள் எங்களோடு கொண்டுவந்து வைத்தாயிற்று. ஆனால் மரங்களைக் கொண்டுவர முடியாதே. வெட்டுக்காரர்கள் காலையில் சுங்கையில் இறங்கிக் கடந்து போய், ரப்பர் மரத்தில் கித்தா பால் வெட்டிவிட்டு மதியம் திரும்புவார்கள்.

நான் அப்போது தோட்டத்து ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. ஜப்பான் சண்டை முடிந்ததும் பட்டாளம் கழித்துவிட்ட ஜீப் அது, இடது பக்கம் ஸ்டியரிங். சுட்டால் தாங்கட்டும் என்று முன்னாலும் பக்கவாட்டிலும் இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். அந்த எடையோடு அது மேட்டில் ஏறும்போது எனக்கே மூச்சு வாங்கும். துரைக்குத் தனியாக வேறு வண்டி இருந்தது. இந்த ஜீப் மற்ற எல்லாவற்றுக்கும்: சாமான் ஏற்ற, சீக்காளியைக் கொண்டுபோக, டிரஸர் ஐயாவை மேல் டிவிஷனுக்குக் கூட்டிப் போக.

டிரஸர் ஐயா எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர். ஐம்பது வயதுக்கு மேல். கால்சட்டை மடிப்பு கலையாமல் உட்காருவதில் கவனமானவர். எங்களோடு காவலுக்கு ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வருவார். அலோர் காஜா பக்கத்து மலாய்க்காரர், என்னைவிட மூத்தவர். அவரை நான் பாங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். வண்டியில் வராத நேரத்தில் தோட்டத்து வாசலில் சோதனை செய்கிறவரும் அவர்தான்.

முதல் தடவை ஜீப் தண்ணீரில் நின்றபோது நாங்கள் மூன்று பேரும் அதில் இருந்தோம். சுங்கையில் தண்ணீர் அப்படியொன்றும் அதிகமில்லை, தொடை உயரம் இருக்கும். ஆனால் முன்னால் இருந்த தகடு தண்ணீரைக் கலப்பை மாதிரி தள்ளியது. தள்ளிய தண்ணீர் மேலெழும்பி பானட்டுக்குள் புகுந்தது. காற்றை உறிஞ்சும் வடிகட்டி உள்ளே எஞ்சின் பக்கத்திலேயே, தாழ்வாக இருந்தது. அது காற்றோடு தண்ணீரையும் குடித்துவிட்டது. எஞ்சின் சத்தம் மாறியதும் சுவிட்சை அணைத்தேன். அது ஒன்றுதான் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் உள்ளே ராடு வளைந்திருக்கும்.

நின்ற இடம் மோசமான இடம். இரண்டு பக்கமும் மேடு, மேட்டில் அடர்ந்த லாலாங் புல். பாங் தண்ணீரில் இறங்கித் துப்பாக்கியை மேட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரஸர் ஐயா மருந்துப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றார். வெட்டு முடிந்து ஆட்கள் திரும்பி வந்துதான் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தார்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றியபோது ஓட்டைகள் வழியே தண்ணீர் பீச்சியடித்தது. அதைப் பார்த்த டிரஸர் ஐயா சொன்னார், "தம்பி, இந்த வண்டிக்கு மூக்கு தப்பான இடத்துல இருக்கு."

மறுநாள் துரையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மூக்கை உயர்த்து, இல்லையென்றால் மேல் டிவிஷனுக்கு வண்டி போகாது, டிரஸர் நடந்து போகட்டும் என்றார். செலண்டார் டவுனில் ஒரு சீனர் பட்டறையில் கேட்டேன். பட்டாளத்து வண்டிகளில் அப்படி உயரக் குழாய் வைத்துப் பார்த்திருக்கிறாராம். ஆனால் அந்தச் சாமான் வெளியில் கிடைக்காது என்றார். ஓர் இரும்புக் குழாயை மட்டும் எனக்கு வேண்டிய அளவில் வெட்டி, மேல்நுனியை வளைத்துக் கொடுத்தார்.

என் யோசனை இதுதான். வடிகட்டியைச் சுற்றிக் காற்று நுழைகிற இடுக்குகளையெல்லாம் மண்ணெண்ணெய் டின் தகரத்தால் மூடி ஈயம் பற்றவைத்து, ஒரே ஒரு வாய் மட்டும் விடுவது. அந்த வாயிலிருந்து ஒரு குழாய் பானட்டின் ஓரமாக வெளியே வந்து, முன்கண்ணாடிச் சட்டத்தை ஒட்டி என் தலைக்கு மேலே போய் முடியவேண்டும். இரும்புக் குழாயைச் சட்டத்தோடு இறுக்கிவிட்டேன். ஆனால் எஞ்சின் ஒரு விதமாக ஆடுகிறது, பாடி வேறு விதமாக ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுக்கிற குழாய் ஒன்று வேண்டும். அதற்குத்தான் வழியில்லை.

என் மனைவி பால் ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டுகிற வேலையில் இருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். பால் ஊற்றிக் காயவைத்த துணி தண்ணீர் விடாது என்று எந்த வெட்டுக்காரிக்கும் தெரியும், அதைக் குழாயாகச் சுற்றினால் என்ன என்று கேட்டாள். மாவுச் சாக்குத் துணியை நாடா நாடாவாகக் கிழித்து, கித்தா பாலில் தோய்த்து, ஒரு மூங்கில்மேல் பல சுற்று சுற்றினாள். அதை ஷீட்டுகளோடு புகைக்கூடத்தில் தொங்கவிட்டாள். சில நாளில் பழுப்பு நிறத்தில், கருவாட்டு வாசனையோடு ஒரு குழாய் வந்தது. மூங்கிலை உருவினாள். நன்றாக வளைந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் குழாய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டி திணறி நின்றது. பானட்டைத் திறந்தால் குழாய் நடுவில் சப்பையாகி ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டில் கித்தா இளகிவிட்டது. எஞ்சின் இழுத்த இழுப்பில் அதன் தொண்டை அடைத்துவிட்டது. அதைக் கழற்றிக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க எதுக்குப் புகை போற இரும்புப் பக்கமா கொண்டு போறீங்க? அந்தப் பக்கம்தானே கொதிக்குது?"

"அதுதான் குறுக்கு வழி."

"சுத்துவழியாவே போகட்டும். நான் நீளமா செஞ்சு தரேன்."

வேலி போட்டதில் மிச்சமிருந்த வெறும் கம்பியை வாங்கி வந்தாள். அதைச் சுருள் சுருளாகச் சுற்றி, அதன்மேல் துணியும் பாலும் சேர்த்தாள். உள்ளே கம்பி இருந்ததால் இனிச் சப்பையாகாது. நான் குழாய் போகிற வழியை மாற்றினேன். சூடான பக்கத்தை விட்டு, மட்கார்டை ஒட்டிச் சுற்றிவந்து இரும்புக் குழாயில் சேர்ந்தது. இணைப்பில் மேலும் பால் தடவித் துணி சுற்றி, கம்பியால் முறுக்கினேன். சுங்கையில் இறக்கிப் பார்த்தேன். தண்ணீர் பானட்டுக்குள் வந்தது, போனது. எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியது. உயரத்திலிருந்த குழாய் வாயில் காற்று இழுக்கிற சத்தம் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

அடுத்த தொல்லை வாசலில் வந்தது. அந்த நாளில் அரிசி ஒரு பிடிகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது. காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று உத்தரவு. வெட்டுக்குப் போகிற பெண்களைக்கூட வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். சைக்கிள் சட்டத்துக்குள் அரிசி வைத்துப் பிடிபட்டவர்கள் உண்டு. அப்படியிருக்க, வண்டியின் தலைக்கு மேலே ஒரு புதுக் குழாய் நின்றால் சும்மா விடுவார்களா? தினமும் அதைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் விடவேண்டும் என்று பாங்கின் மேலதிகாரி சொல்லிவிட்டார்.

தினமும் காலையில் பாங் வருவார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு இணைப்பை அவிழ்க்கச் சொல்வார். நான் அவிழ்ப்பேன். பார்ப்பார், தலையாட்டுவார். நான் திரும்பச் சுற்றுவேன். துணி கிழிந்தது. கிழிந்த இடத்தில் மனைவி மறுபடி பால் தடவினாள். அது காய்வதற்குள் அடுத்த காலை வந்துவிடும். ஒருநாள் அவளே வாசலுக்கு வந்து, தனக்குத் தெரிந்த கடைத்தெரு பாசார் மலாயில் அவரிடம் நியாயம் கேட்டாள். சுங்கை நடுவில் வண்டி நின்றால் நீங்களும்தானே அதில் இருப்பீர்கள் என்றாள். அன்றைக்கும் அவர் இணைப்பை அவிழ்க்கத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை அவருக்குள் போயிருக்கவேண்டும்.

சில நாள் கழித்து நான் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். பாங் சீட்டில் ஏறி நின்று குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். சத்தத்தைக் கேட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். கை ஒட்டிக்கொண்டது. எஞ்சின் இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. வண்டியைக் கெடுத்துவிட்டோமோ என்று பயந்து என்னைப் பார்த்தார். எனக்கோ சிரிப்பு. காற்று வேறு எங்கிருந்தும் போகவில்லை, இணைப்பெல்லாம் சரியாக இருக்கிறது, அதனால்தான் நின்றது என்று விளக்கினேன். பாங் மறுபடி குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"பெராஸ் அடா, எஞ்சின் மாக்கான்," என்றார். அரிசி இருந்தால் எஞ்சின் தின்றுவிடும் என்று அர்த்தம்.

தன் மேலதிகாரி வந்தபோது அவரையும் சீட்டில் ஏற்றிக் கை வைக்கச் சொன்னார். எஞ்சின் நின்றது. அந்த அதிகாரி கையை எடுத்து உள்ளங்கையில் பதிந்த வட்டத்தைப் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் குழாயைக் கழற்றவில்லை. காலையில் பாங் கை வைப்பார், எஞ்சின் நிற்கும், நாங்கள் புறப்படுவோம். அவருக்குச் சோதனை முடிந்தது. ஓட்டை இல்லை என்று எனக்கும் தெரிந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை, மேல் டிவிஷனில் ஒரு வெட்டுக்கார அக்கா மேல் மரக்கிளை முறிந்து விழுந்துவிட்டது என்று ஆள் ஓடிவந்தான். நாங்கள் மூவரும் போனோம். போகும்போது சுங்கை சாதாரணமாகத்தான் இருந்தது. அக்காவுக்குத் தொடை எலும்பு போய்விட்டிருந்தது. டிரஸர் ஐயா பலகை வைத்துக் கட்டி, ஊசி போட்டு, ஜீப்பின் பின்பக்கம் நீளவாக்கில் படுக்கவைத்தார். அதற்குள் மலையில் மழை கொட்டியிருக்கிறது. திரும்பி வரும்போது சுங்கை செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

வடியும்வரை காத்திருக்கலாமா என்று டிரஸர் ஐயாவைக் கேட்டேன். அவர் அக்காவின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். காத்திருக்க முடியாது, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகவேண்டும் என்றார். நான் இறங்கி, விசிறி தண்ணீரை வாரி இறைக்காமலிருக்க அதன் பெல்ட்டைக் கழற்றினேன். மின்சாரம் பிரிகிற மூடியில் கிரீஸ் அப்பி, பால் துணியால் கட்டினேன். அடியில் பாறை எங்கே, பள்ளம் எங்கே என்றுதான் தெரியவில்லை.

பாங் தன் துப்பாக்கியை எடுத்து டிரஸர் ஐயாவின் மடியில் வைத்தார். ஒரு மூங்கிலை ஒடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

துப்பாக்கியை வேறொருவரிடம் கொடுப்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. வாங்கி வைத்திருப்பது அதைவிடப் பெரிய குற்றம். டிரஸர் ஐயா ஒரு கையால் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டார், மறு கையால் துப்பாக்கி வழுக்காமல் பிடித்துக்கொண்டார்.

பாங் முன்னால் நடந்தார். மூங்கிலை ஊன்றி ஊன்றிப் பார்த்துக் கை காட்டினார். நான் கீழ்க் கியரில், ஆக்சிலேட்டரை விடாமல், அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். தண்ணீர் விளக்குகளை மூடியது, பானட்டின் மேல் ஏறியது, என் மடிக்கு வந்தது. அவருக்கு நெஞ்சளவு. காதுக்குப் பக்கத்தில் குழாய் காற்றை இழுத்துக்கொண்டேயிருந்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரை பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுவில் சக்கரம் ஒரு தடவை வழுக்கியது. அக்கா கத்தினாள். பிறகு முன்சக்கரம் சரளையைப் பிடித்தது.

கரையேறியதும் பெல்ட்டை மாட்டினேன். பாங் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மலாக்காவுக்குப் போய்ச் சேர்கிறவரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேசியது அக்காதான். கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாளில், எங்கள் டிரஸர் துப்பாக்கி பிடித்து என்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார் என்று வார்டு முழுக்கப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அது யார் காது வழியாகவோ போலீசுக்குப் போய்விட்டது. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். துப்பாக்கி யாரிடம் இருந்தது என்று கேட்டார்கள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் பார்க்கவில்லை என்றேன். டிரஸர் ஐயா, பாங் அதைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார், விழாமல் பிடித்தேன் என்றாராம். துரையும் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னார். பாங்கின் வேலை போகவில்லை. ஆனால் தூரத்தில் கடலோரம் இருந்த செர்காமுக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி காப்பி கொடுத்தாள், சீனி ரேஷன் என்பதால் கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்திருக்கும். குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் பகுதியைக் காட்டுக்காரர் தொல்லை இல்லாத வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, ஊரடங்கையும் அரிசிக் கட்டுப்பாட்டையும் எடுத்த பிறகு பாலத்தைக் கட்டினார்கள். ஜீப்பை மஸ்ஜித் தானா பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றார்கள். அவர் முதல் வேலையாகக் குழாயை அறுத்து எறிந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு அது தேவையில்லை. நான் தோட்டத்தை விட்டு டவுனில் ஒரு கடைக்கு லோரி ஓட்டப் போனேன்.

கருவாடு ஏற்ற செர்காமுக்குப் போன ஒரு நாள், கடற்கரையில் பாங்கைப் பார்த்தேன். சீருடை இல்லை, மச்சானோடு சேர்ந்து படகு வைத்திருப்பதாகச் சொன்னார். முதலில் கேட்டது அக்காவைத்தான். நடக்கிறாள், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், பேரப்பிள்ளையைத் தூக்குகிறாள் என்றேன். அவளுக்கென்று இரண்டு மீனை இலையில் சுற்றிக் கொடுத்தார்.

அன்று மாலையே கொண்டுபோய், செர்காமில் பாங் கொடுத்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அக்கா மீனை முகர்ந்து பார்த்தாள், நல்ல மீன் என்றாள். நம்ம தோட்டத்தில் இருந்த மனுஷன் எதுக்கு அவ்வளவு தூரம் போனார் என்று கேட்டாள்.

"மாத்தல், அக்கா," என்றேன். அவள் மீனை ஆய உட்கார்ந்தாள்.