நொயல் வளைத்த வேலி

வெரிபீயிலிருந்து தினமும் ரயிலேறி மெல்பேர்ன் நகரத்துக்குப் போய்வரும் நொயலிடம் என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். "வேலி கீறுறன்" என்பார். ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு புதிதாகக் கட்டும் சர்வதேச விமான நிலையத்துக்குச் சுற்றுவேலி வரைந்து கொடுப்பதுதான் அவர் பாடு. வேலிதானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள்.

அவரும் முதலில் நேர்கோடாகத்தான் இழுத்தார். அதற்குத்தான் செலவு குறைவு. பிறகு அங்கிருந்து வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வேலிக்கு உட்புறம், சரக்குக் கொட்டகைக்கென்று ஒதுக்கிய மூலையில், மரங்களுக்கடியில் வெள்ளைச் சிலுவைகள். அந்த ஊர்ச் சனத்தின் சேமக்காலை!

இலங்கையில், மன்னார்க் கரையில் நொயலின் அம்மாவைப் புதைத்த சேமக்காலையையும் இப்படித்தான் ஒரு வேலி விழுங்கியது. சண்டைக்காலத்தில் ராணுவம் போட்ட முள்வேலி. சண்டை ஓய்ந்து அவர் ஆசையோடு போனபோதும் காவலுக்கு நின்றவன் உள்ளே விடவில்லை. கொண்டுபோன மெழுகுதிரியை வேலிக்கு வெளியே மண்ணில் ஊன்றிவிட்டுத் திரும்பினார்.

திட்டப் பொறுப்பாளர் ஸ்ரீகாந்த் மதுரைக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் வேலை முடியவேண்டுமே!

"அண்ணே, கல்லறைய பத்திரமா எடுத்து வேற இடத்துல வச்சிடுவாங்க. அப்ரூவ் ஆன டிராயிங்க இப்பப் போய்க் கலைக்கணுமா?"

"தம்பி, கொட்டகைய அங்கால தள்ளலாம். பெத்த தாயத் தள்ளேலாது." நொயல் திரையில் அந்தச் சிலுவைகளைக் காட்டினார். "என்ர அம்மா வேலிக்கு உள்ள கிடக்கிறா. இன்னொருத்தன்ர அம்மாவ நான் வேலிக்குள்ள அடைக்கமாட்டன். ஏலாதெண்டால் வேற ஆளப் பிடியுங்கோ."

ஸ்ரீகாந்த் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, வளைங்க. கொட்டகைய எங்க வைக்கலாம்னு பாப்போம்."

மேலிடத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கியதும் அவர்தான்.

அடுத்த வருஷம் மரித்தோர் தினத்தன்று அங்கிருந்து ஒரு படம் வந்தது. புதுக் கம்பிவேலி அந்த மூலையில் மட்டும் உள்வாங்கி வளைந்து போயிருந்தது. வெளியே, சிலுவைகளின் காலடியில், சனம் குனிந்து மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தது.

நொயல் குசினிக்குள் போய், சமைத்துக்கொண்டிருந்த மனைவி பேர்ளிடம் போனை நீட்டினார்.

"வடிவா வளைச்சிருக்கிறியளப்பா" என்றாள் அவள்.

"ஓம்" என்று கதிரையில் உட்கார்ந்தவர், முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

"என்ர அம்மாவுக்கு ஒருத்தனும் வளைக்கேல்லையே, பேர்ள்."