ரெண்டு பக்கத்தாலயும் திறக்குற கொப்பி

புத்தகக் கடையில நிக்கிறவளுக்குத் தன்ட பாடம் படிக்க நேரமில்ல, ஊர்ப் புள்ளைகள்ட பாடமெல்லாம் பாடமாயிரும்.

நான் உயர்தரம், அதான் ஏ.எல். படிக்கிறன். பின்னேரத்துல ஆலங்குடாவுல மாமாட கடை. பள்ளிக்கூடம் தொடங்குற கிழமை கவுண்டர்ல நிண்டு தொண்டை கட்டினவங்களுக்கு நான் சொல்றது விளங்கும். மத்தவங்க கொஞ்சம் பொறுங்க.

பச்சை

இங்க சின்ன வகுப்புகள்ல பாடத்துக்கொரு நிறத்துல கொப்பிக்கு உறை போடணும். தமிழுக்குச் சிவப்பு, கணிதத்துக்கு நீலம், சுற்றாடலுக்குப் பச்சை. மீன் பிடிக்கிற நானா ஒருத்தர் தோணியால இறங்கி நேரா கடைக்கு வந்தாரு. பச்சை குடுத்தன். இது இல்லையாம், டீச்சர் சொன்னது வாழையிலைப் பச்சையாம். கடையில இருந்த பச்சையெல்லாம் விரிச்சன்.

எனக்குக் கோவம் ஏறிட்டு. "உறைட நிறம் மாறினா புள்ளைக்கு மூளை மாறிருமா நானா?" எண்டு கேட்டன். அவரு கோவப்படல்ல. "கடல்ல மிதப்புட நிறத்தைப் பாத்துத்தான் தங்கச்சி எங்கட வலை எது எண்டு பிடிக்கிறம். நீங்க அந்தப் பச்சைய எடுங்க."

முதுகு

நுஸ்ரா ரெண்டாம் வகுப்பு. அவட உம்மா கருவாட்டு வாடியில வேலை, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் வீடு. அதால புள்ள பள்ளிக்கூடம் விட்டதும் நேரா குர்ஆன் படிக்கிற ஓதப்பள்ளி. ரெண்டு இடத்துக் கொப்பியும் ஒரே தோள்ல. வார் அறுந்த பையைத் தூக்கிட்டு வந்த உம்மா, பெலமான பெரிய பை கேட்டா. புள்ளட தோள்ல சிவப்பாக் கோடு.

"அறுந்தது பை, நாளைக்கு அறுறது தோளா?" எண்டு கத்திட்டு, தடிச்ச மொத்தக் கொப்பி ஒண்டு எடுத்துக் குடுத்தன். இடப்பக்கத்தால பள்ளிக்கூடப் பாடம், வலமிருந்து எழுதுற அரபு வலப்பக்கத்தால. முன்னுக்கு ஒரு லேபிள், பின்னுக்கு ஒரு லேபிள். உம்மா அதைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தா. "ரெண்டு பக்கமும் முகம் எண்டா, இதுக்கு முதுகு எங்க மகள்?"

நாய்

தவணை முடியிறதுக்குள்ள பாடமும் அரபும் நடுவுல முட்டிட்டு. நுஸ்ராட டீச்சர் கடைக்கே வந்துட்டா. "நிறம் இல்லாம நான் எந்தப் பாடத்தை எங்க தேடுற? நாளைக்கு வேற வேற கொப்பி வரணும்" எண்டா. அந்த நேரம் பார்த்து பேனை வாங்க வந்த ஓதப்பள்ளி மௌலவியும் சேர்ந்துக்கிட்டாரு. உம்மாவோ, பாரம் கூடினா ஓதப்பள்ளிய நிப்பாட்டிருவன் எண்டுட்டாவாம். அதைக் கேட்டு நுஸ்ரா ராவுச் சோறே தின்னல்லயாம். ஓதுறதுண்டா அவக்கு உசிரு.

நான் விடுவனா? "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பையை ஒரு நாள் சுமந்து பாருங்களேன்!" மாமா என்ட சட்டைக் கையைப் பிடிச்சு இழுக்குறாரு. டீச்சர் முறைக்கிறா. மௌலவி மட்டும் மெதுவாச் சொன்னாரு: "தோளுக்கு நான் துஆ செய்வன் மகள். சுற்றாடல் பாடத்துக்குக் கீறின நாய் குர்ஆன் ஆயத்துக்குப் பின்னால படுத்திருக்கே, அந்த அசுத்தத்துக்கு என்ன செய்ய?"

ஒற்றை

அடுத்த நாள் நுஸ்ரா உம்மாவோட வந்தா. திரும்பவும் அதே மாதிரி மொத்தக் கொப்பி ஒண்டு கேட்டா. கவுண்டர்லயே வச்சு, ஒற்றை ஒற்றையாத் தாளைப் பிரட்டி, ஓரத்துக்குப் பாடம் பாடமா நிறம் தீட்டினா: சிவப்பு, நீலம், வாழையிலைப் பச்சை. பிறகு நூல் தெரியிற நடு ஒற்றையை விரிச்சு, ரெண்டு பக்கமும் பெரிய கட்டம் கீறி, வெறுமையா விட்டா. பிறகு டீச்சர் இடப்பக்கத்துப் பாடத்துக்குச் சரி போட்டா, மௌலவி வலப்பக்கத்து அரபுக்குச் சரி போட்டாரு. ஓதப்பள்ளி நிக்கல்ல.

கட்டம் கீறுறப்பவே அந்த வெறும் ஒற்றை என்னத்துக்கு எண்டு கேட்டிருந்தன். அவ என்னைப் பாத்த பார்வையில ஏ.எல். படிப்பெல்லாம் காத்துல போச்சு. "இது ஆருக்கும் இல்லாத ஒற்றை ராத்தா. நாய் இதைத் தாண்டி வராது."

வாயுள்ள பெரியாக்கள் மூணு பேர் கடையில நிண்டு மல்லுக்கட்டியும் குறையாத பாரத்தை, ஒண்டுமே எழுதாத ஒரு ஒற்றையால ரெண்டாம் வகுப்புப் புள்ள குறைச்சிட்டா, இதைப் போய் எந்த அலுமாரியில அடுக்கி விக்கிற?