மங்கம்மாளின் ஆணி

யாருக்குக் கறி கட்டினாலும் மங்கம்மாள் அதோடு ஒரு பழைய ஆணியையும் போட்டுவிடுவாள். ஜவ்வாது மலைப் பாதையில் கறி வாசனைக்குப் பேய் வருமாம். இரும்பு இருந்தால் அண்டாதாம். அண்ணன் மகள் கவியா விவரம் தெரிந்த நாளாய் இதைப் பார்க்கிறாள். உயிர்வேதியியல் படித்த பிறகு சிரிப்பு வந்தது. சிரிக்க நமக்கென்ன தகுதி என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

கணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. மாதிரி வகுப்பு நன்றாக அமைந்தால் கிடைக்கும். வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள். இதுவும் போனால் மலைக்குத் திரும்பிப் புளி உலுக்க வேண்டியதுதான். அந்த வகுப்பன்று காலையில் ஒடுகத்தூரில் அத்தையின் கறிக்கடையில் போய் நின்றாள்.

"அத்தே, கொஞ்சம் ஈரல் குடு. மருந்துல போட்டா நுரை பொங்கும். பசங்களுக்குக் காட்டணும்."

"இன்னாது, நுரைக்குமா? காத்தால அறுத்த ஆடுடி! என் கடை ஈரலு கெட்டதுன்னு ஊருக்குக் காட்டப் போறியா?"

"நல்ல ஈரல்தான் அத்தே நுரைக்கும்."

"படிச்ச பேச்சப் பாரு!" உள்ளே போனவள், பேருந்து ஹாரன் அடிக்கும் நேரத்தில் டிபன் பாக்ஸை நீட்டினாள். "ஓடு, பஸ்ஸ வுட்ராத."

வகுப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடுக்குள் ஈரலைப் போட்டாள் கவியா. ஒரு குமிழிகூட இல்லை. மஞ்சள் நிறம்தான் கரைந்தது, மிளகு மணத்தோடு. கடை மானத்தைக் காப்பாற்ற, அத்தை வேகவைத்தே கொடுத்திருந்தாள்!

"டீச்சர், சோறு எங்க?" என்றது ஒரு குரல். வகுப்பு குலுங்கியது. தலைமையாசிரியர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

பாக்ஸின் அடியில் ஆணி. கவியாவுக்கும் சிரிப்பு பீறிட்டது. அதைத் தூக்கிக் காட்டினாள்.

"ஈரலில் கேட்டலேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அந்தப் புரதத்தின் மடிப்புக்குள் ஹீம் உட்கார்ந்திருக்கும். ஹீமின் நடுவே இரும்பு. புரதமல்லாத இந்தத் துணையைத்தான் புராஸ்தெட்டிக் தொகுதி என்கிறோம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கும் ஹீம்தான் துணை. சரி, இரும்பு மட்டும் போதுமா?"

ஆணியைப் போட்டாள். ஓரிரு குமிழிகள், அவ்வளவுதான்.

"போதாது. வெந்த ஈரலிலும் இரும்பு உண்டு. அதைப் பிடித்திருந்த மடிப்புதான் குலைந்துவிட்டது. இரண்டும் சேர்ந்திருந்தால்?"

சத்துணவுக் கூடத்திலிருந்து பச்சை உருளைக்கிழங்கு வந்தது. அதிலும் அதே நொதி உண்டு. சீவிப் போட்டதுதான் தாமதம், நுரை குவளை தாண்டி மேசையில் வழிந்து தலைமையாசிரியரின் வேட்டியை நனைத்தது. பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிக் கூவினார்கள். வேலை கிடைத்துவிட்டது!

"ஏன் அத்தே வேகவெச்ச?" அன்று மாலை கடைக்குப் போய்க் கேட்டாள்.

"பச்ச ஈரலோட ஒரு பொண்ண எப்பிடிடி பஸ்ஸேத்தறது? சரி போ, அடுத்த தபா பச்சையாவே தர்றேன். இது சத்தியம்."

வருஷம் இரண்டாகிறது. ஒவ்வொரு முறையும் கவியா ஆசையோடு மூடியைத் திறக்கிறாள். மிளகு மணக்கிறது, ஆணி கிடக்கிறது. அந்தப் பச்சை ஈரலை மங்கம்மாள் இன்னும் தரவில்லை.