பெயர் வாசிக்காத இடம்

லிங்கப்பண்ணனுக்கு மைக் வேண்டியதில்லை. இருந்தாலும் விடமாட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்தின் மாதக் கூட்டம் ஹெப்பாளில் ஒரு சின்ன கல்யாண மண்டபத்து மாடியில் நடக்கும். ஹனூர், கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் உறுப்பினர்கள். ஃபேக்டரி ஆட்கள், கடை வைத்திருப்பவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் என்று எல்லாரும் உண்டு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு நிதி வைத்திருக்கிறோம். அவசரத்துக்கு அதிலிருந்து வட்டிக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் அடுத்த கூட்டத்தில் தலைவர் லிங்கப்பண்ணன் எழுந்து நின்று, கடன் வாங்கியவர் பெயரையும் தவணை தவறியவர் பெயரையும் எல்லார் முன்னாலும் வாசிப்பார். தகப்பன் பெயரையும் சேர்த்தே வாசிப்பார்.

இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். "வெக்கம் இருந்தாத்தானுங்க மனுசன் கட்டுவான்" என்பார். பணம் ஒழுங்காகத்தான் திரும்பி வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. பெயர் வாசிக்கும் நேரத்தில் பாதிப் பேர் கைபேசியைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் வாசிக்கப்பட்டவனைப் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஹனூரில் மழையை நம்பிய காட்டை விட்டுவிட்டு, ஃபேக்டரியில் ஹெல்பராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் போய் நின்றவர். ஆனால் நிமிர்ந்து நடந்தே பழகிவிட்ட மனிதர். குனிய வேண்டிய நேரம் வந்தால் என்ன செய்வாரோ என்று அவருடைய சம்சாரம் பாப்பாயி அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னதுண்டு. நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு.

சந்துரு என்றொரு பையன். பையன் என்கிறேன், ஹைஸ்கூல் படிக்கிற மகள் அப்போதே இருந்தாள் அவனுக்கு. கம்பெனி பஸ் ஓட்டுகிறான். ஒரு வருசம் அடுத்தடுத்து இரண்டு மாதம் தவணை கட்ட முடியாமல் போய், அவன் பெயர் இரண்டு தடவையும் வாசிக்கப்பட்டது. இரண்டாம் தடவை மகள் தமிழ்ப்ரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை தன் துப்பட்டா நுனியையே பார்த்துக்கொண்டிருந்தது. எப்படியோ புரட்டி அந்தக் கடனை அடைத்தான். அதற்கப்புறம் சந்துரு நிதியில் கை வைக்கவில்லை.

அவன் போன இடம் பின்னால் தெரிந்தது. மண்டி மொஹல்லாவில் முஸ்லிம்கள் நடத்துகிற வட்டியில்லா சொசைட்டி ஒன்று இருக்கிறது. வட்டி வாங்குவது அவர்கள் மார்க்கத்தில் ஆகாது. நகையை வைத்தால் கடன் தருவார்கள், பெட்டகச் செலவுக்கென்று ஒரு சின்னத் தொகை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். எந்த மதத்துக்காரரும் சேரலாம். ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் கூட வந்து, இவரை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

அது தெரிந்ததும் அடுத்த கூட்டத்தில் லிங்கப்பண்ணன் மைக்கைப் பிடித்தார். "நம்ம தங்கத்தக் கொண்டுபோயி பாய்மாருங்க பெட்டியில வெக்கறது நமக்கெல்லாம் மானக்கேடுங்க. நமக்குன்னு ஒரு நிதி இருக்கையில அங்க போயி கை நீட்டறதா?" என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாரும் சந்துருவைத் திரும்பிப் பார்த்தோம்.

அது நடந்து ஒரு வருசம் இருக்கும். லிங்கப்பண்ணன் மகன் மனோஜ்குமாருக்கு வேலை போய்விட்டது. அந்தப் பெரிய ஐ.டி. வளாகத்தில் மகன் வேலை பார்க்கிறான் என்பதை அண்ணன் கூட்டத்துக்குக் கூட்டம் எப்படியாவது பேச்சில் நுழைத்துவிடுவார். சாம்பார் ருசியைப் பற்றிப் பேசினாலும் அது மகன் கேன்டீனில் போய் முடியும். அந்த மகன் இப்போது காலையில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஏதோ ஒரு பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறான். விஜயநகரில் வாங்கிய பிளாட்டுக்குத் தவணை நிற்கிறது. வீட்டுக்கே ஆள் அனுப்புவோம் என்று பாங்கில் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் இருந்தது அக்காவின் தங்கம்தான். கல்யாணத்துக்கு அவள் அப்பன் போட்ட வளையல்கள், கழுத்துச் சரம். எங்கே வைப்பது? நிதியில் வாங்கினால் அவர் பெயரை அவரே வாசிக்க வேண்டும். நகைக்கடன் கம்பெனிகளில் எல்லாம் நம் ஆட்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் சங்கத்துச் சித்தம்மாவின் மகன் பரத் ஒருத்தன் போதும், சாயங்காலத்துக்குள் ஹனூர் வரைக்கும் போய்விடும்.

"நம்மளத் தெரிஞ்சவிய யாரும் வராத எடம் ஒண்ணுதானுங்க இருக்குது" என்று அக்காதான் சொன்னாளாம். அண்ணன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், சந்துரு வண்டியைத் துடைத்து முடிக்கும்வரை தள்ளி நின்றிருக்கிறார்.

என்ன கேட்டார், எப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. சந்துரு ஏன் என்று கேட்கவில்லை, போன வருசத்துப் பேச்சை எடுக்கவில்லை, அது மட்டும் அக்கா சொல்லித் தெரியும். "வெள்ளிக்கெழம எனக்கு லீவுங்க மாமா, கூட வாரேன்" என்றிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே தொழுகைக்காக அடைத்திருப்பார்கள் என்பது அண்ணனுக்குத் தெரியவில்லை. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், தெருவைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்கூட்டரை நிறுத்தியும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டாராம். தொழுகை முடிந்து வந்தவர்களில் ஒரு பெரியவர், உடம்பு சரியில்லையோ என்று பதறித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஹெல்மெட்டோடு எப்படிக் குடிப்பது? இதைச் சொல்லும்போது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

உள்ளே கவுண்டரில் தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் இருந்தாள். தமிழும் கன்னடமும் கலந்து பேசினாள். கடன் எதற்கு என்று கிளறவில்லை. நகை யாருடையது என்று கேட்டாள். அக்காவுடையது என்றதும் அக்காவையே பார்த்து, "அம்மா, உங்களுக்கு இஷ்டம்தானே? கடன் உங்க பேர்லதான் வரும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த நகையைப் பற்றி யாரும் தன்னிடம் இஷ்டம் கேட்டதில்லை என்றாள் அக்கா.

அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், அதுவும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, குரலைத் தாழ்த்தி. "வாங்கினவிய பேர எங்கியாச்சும் போடுவீங்களா? போர்டுல கீர்டுல?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "எதுக்கு சார் போடணும்?" என்றாள்.

சந்துரு கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான். அன்றைக்கு சாயங்காலமே அக்கா கையில் கவரிங் வளையல் ஏறியது. நான் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டேன். அதனால்தான் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

ஜூன் மாதக் கூட்டத்தில் படிப்பு உதவிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்போம். தமிழ்ப்ரியா பத்தாவதில் எங்கள் பிள்ளைகளிலேயே அதிக மார்க் வாங்கியிருந்தாள். அவள் பெயர் வந்ததும் இரும்புக் கடை கவின்ராஜ் எழுந்தான். "சங்கத்து நிதி வேண்டாம்னு வேற எடத்துக்குப் போறவனுக்கு சங்கத்து உதவி மட்டும் எதுக்குங்க?" என்றான். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். சந்துருவை எழுப்பி நிறுத்தினார்கள்.

"வட்டி இல்லைன்னுதானே அங்க போன?" என்று கேட்டான் கவின்ராஜ்.

"வட்டி இருந்திருந்தாலும் போயிருப்பனுங்க."

"பின்ன என்ன அங்க அப்பிடி?"

சந்துரு சொன்னான். "அங்க பேரு வாசிக்க மாட்டாங்க. என்ர புள்ள பக்கத்துல உக்காந்திருக்கையில எங்கப்பன் பேரையும் சேத்து வாசிச்சீங்க. அவுரு செத்துப் பத்து வருசமாச்சுங்க. யாருகிட்டயும் ஒரு பைசா கடன் வெக்காமப் போனவரு."

கவின்ராஜ் விடுகிற ஆளில்லை. "செரி, உன்ர பேச்சக் கேட்டு நம்மாளுங்க வேற யாராச்சும் அங்க போயிருக்காங்களா? அதச் சொல்லு."

என் பக்கத்தில் இருந்த அக்கா கவரிங் வளையலை முந்தானையால் மூடிக்கொண்டாள். லிங்கப்பண்ணன் மேடையில் மைக்கோடு நின்றுகொண்டிருந்தார். சந்துரு மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரிஞ்சு யாருமில்லீங்க" என்றான்.

அண்ணன் அப்போது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளக்கூட வேண்டாம். உட்காரு கவின்ராஜ் என்று அதட்டியிருந்தாலே போதும், அந்தக் குரலுக்கு அவன் உட்கார்ந்திருப்பான். அண்ணனோ துண்டை எடுத்து மைக்கைத் துடைத்தார்.

பாப்பாயி அக்கா எழுந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து கூட்டத்தில் யாரும் எழுந்து பேசியதில்லை.

"நான் போயிருக்கறனுங்க" என்றாள். "என்ர வளையலு, சரம் எல்லாம் அங்கதான் இருக்குது. இது கவரிங்குங்க. சந்துருதான் கையெழுத்துப் போட்டுது. அது எங்களுக்காகப் பொய் சொல்லுது."

எங்களுக்காக என்று அவள் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்ததோ. எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின. அண்ணன் பேசுவதற்கென்று ஒரு இடம் விட்டுத்தான் அக்கா நின்றாள் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஆமாங்க என்று சொன்னால் போதும், அவள் உட்கார்ந்துவிடுவாள்.

"எனக்கு இது தெரியாதுங்களே" என்றார் லிங்கப்பண்ணன்.

மைக்கில் சொன்னார். மண்டபத்தின் மூலையில் மாட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் அது வந்தது. கீழே சமையலறையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். சந்துரு முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பாவம் பார்ப்பதைப் போலத்தான் பார்த்தான். எனக்கு என் புடவையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம்போல வெட்கமாக இருந்தது. நான் செய்த காரியமா அது? இருந்தாலும் அப்படித்தான் இருந்தது.

தமிழ்ப்ரியாவுக்கு உதவி கிடைத்துவிட்டது. தலைவர் சம்சாரத்தை விட்டுவிட்டு சந்துருவை மட்டும் எப்படித் தள்ளுவார்கள்? கவின்ராஜே முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டான். அக்கா அண்ணனோடு ஸ்கூட்டரில் ஏறவில்லை. என்னோடு பஸ்ஸில் வந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வீடு வரும்வரை கவரிங் வளையலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் தலைவர் பதவியை விட்டுவிட்டார். உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னார். பெயர் வாசிப்பது நிற்கவில்லை. கவின்ராஜ் இப்போது வாசிக்கிறான், இன்னும் சத்தமாக. வீட்டில் அக்கா அவருக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், சண்டை மட்டும் போடவில்லை. சண்டை போட்டால் தேவலை என்று அவரே ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதிருக்கிறார். மைக் இல்லாமல் பேசினால் அந்த மனிதருக்கு எவ்வளவு சின்னக் குரல் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

மனோஜ்குமாருக்குச் சம்பளம் குறைவாக வேறு வேலை கிடைத்தது. பிளாட்டை விற்றார்கள். நகையைத் திருப்புகிற நாளில் அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அண்ணனும் வந்தார். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. தெருமுனையிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். அறிமுகம் செய்தவனும் வர வேண்டும் என்பதால் சந்துருவும் வந்திருந்தான். "வாங்க மாமா" என்று எழுந்து தன் நாற்காலியைக் காட்டினான். அண்ணன் உட்காரவில்லை.

அதே பெண்தான் கவுண்டரில் இருந்தாள். பையைப் பிரித்து வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அக்கா சரி பார்த்தாள். அண்ணன் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டார். அந்தப் பெண் நகையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அக்காவிடம் கேட்டாள். "அம்மா, இவங்க யாரு? உங்க யஜமான்ரா, வீட்டுக்காரரா?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கவரிங் வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அவரையே கேளுங்க கண்ணு" என்றாள். "தெரிஞ்சாச் சொல்லுவாரு."

லிங்கப்பண்ணன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. "என்ர சம்சாரமுங்க" என்றார். "நாந்தானுங்க இங்க கூட்டிட்டு வந்தேன். நாந்தான்."

வரிசையில் நின்றவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண் தலையாட்டிவிட்டு வளையல்களை நகர்த்தினாள். அக்கா அவற்றை எடுத்து, தன் கையிலேயே போட்டுக்கொண்டாள்.