மேல் பட்டையில் யாருக்கு இடம்

கைப்பேசிச் செயலிகளை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. எந்தச் செயலியைத் திறந்தாலும் திரையின் உச்சியில் ஒரு பட்டை இருக்கும். இடது பக்கம் பின்னால் போக ஓர் அம்புக்குறி, நடுவில் பெயர், வலது பக்கம் கூடையைப் பார்க்க ஒரு சின்னம். இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அந்த இடத்துக்காக ஒரு குடும்பமே மல்லுக்கு நிற்கும் என்று படிக்கிற காலத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் அக்கா மலேசியாவில், செனாயில் கேட்டரிங் நடத்துகிறாள். இப்படி எழுதினால் அக்காவின் கணவருக்குக் கோபம் வரும். அவர்தான் நடத்துகிறார், அக்கா சும்மா சமைக்கிறாள். மாமா ஆர்டர் எடுப்பார், வேன் ஓட்டுவார், தொழிற்சாலை கேட்டுகளில் மதியச் சாப்பாட்டை இறக்குவார். சோம்புக்கும் சீரகத்துக்கும் வித்தியாசம் அவருக்கு இன்றுவரை தெரியாது. ரெங்கம் என்ற ஊரில் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அவருடைய அப்பாவின் பெயர்தான் எங்கள் கடைப் பலகையில் இருக்கிறது. கூடவே 'அண்ட் சன்ஸ் கேட்டரிங்' என்றும் இருக்கிறது. அந்த சன்ஸில் இரண்டு பேர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள்.

ஆர்டர் எடுக்க ஒரு செயலி வேண்டும் என்று மாமா கேட்டபோது, ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்துத் தலையாட்டினேன். அன்று அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பில் இருந்த குவாலிச் சட்டியையே கிண்டிக்கொண்டு கேட்டாள்.

"அந்த மேல பேரு வர்ற எடம் இருக்குல்ல, அதுல சமைக்கிறது யாருன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

"மாமாகிட்ட சொல்றேன்கா."

"சொல்லாத. கேட்டு வாங்குனா அது என்னா மரியாத? அவங்களா குடுக்கணும்."

இத்தனை வருடங்களில் அக்கா தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதையும் கேட்கக்கூடாது என்று என் வாயைக் கட்டிவிட்டாள். எனக்கு இருவர் மேலும் எரிச்சலாக வந்தது.

மறுநாள் மாமா தயாராக வந்தார். கோயில் திருவிழா பேனரைப் படம் எடுத்து வைத்திருந்தார். நம் ஆட்கள் பேனர் அடிக்கும் முறை தெரிந்ததுதானே. நடுவில் சாமி, ஒரு பக்கம் பெரியவர்கள், மறுபக்கம் தலைவர் தொடங்கி எல்லார் முகமும், யார் முகம் யாரைவிடப் பெரிது என்ற கணக்கோடு. அதே மாதிரி பட்டையிலும் முருகன், அப்பா, மூன்று மகன்கள், கடையின் முழுப்பெயர், தொலைபேசி எண் எல்லாம் வேண்டுமாம்.

"அந்த அம்பு எதுக்கு? வந்த கஸ்டமர் ஏன் பின்னாடி போகணும்? எடுத்துடு."

எடுத்தேன். சொன்னதை எல்லாம் வைத்தேன். அவருடைய கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன்.

"அலமாக், அப்பா நெத்தியில என்னா ஓட்ட?"

"அது உங்க போன் கேமரா மாமா. அங்கதான் இருக்கும்."

அப்பாவை நகர்த்தினால் முருகனுக்கு இடமில்லை. முருகனை நகர்த்த மாமாவுக்கு மனமில்லை. தம்பிகள் இருவரும் கடுகு அளவுக்கு இருந்தார்கள். அவர்களை எடுத்துவிடலாமா என்றேன். வருகிற தீபாவளிக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். இதற்கிடையில் ஆட்டிறைச்சிப் பக்கத்துக்குள் போனவர், அம்புக்குறி இல்லாததால் வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, அம்பு மட்டும் இருந்துட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

படங்களை எல்லாம் கழித்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துப் பார்த்தோம். அதுவும் அடங்கவில்லை. அப்பா பெயருக்குப் பிறகு மூன்று புள்ளிகள் வந்து நின்றன.

"இந்த மூணு புள்ளி என்னா?"

"மிச்சப் பேரு. எடம் பத்தல."

"அப்ப நான் எங்க?"

"அந்தப் புள்ளியிலதான் மாமா இருக்கீங்க."

அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள். "நீங்களாவது புள்ளியில இருக்கீங்க," என்றாள்.

சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது. அக்கா சட்டென்று குனிந்து மறுபடி அரியத் தொடங்கினாள். மாமா அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு சாப்பாட்டை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது, அக்கா சொல்லாதே என்றிருக்கிறாள்.

மாலையில் காலிப் பெட்டிகளோடு திரும்பி வந்தவர் நேராக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போற கேட்டுல எல்லாம் இத காட்டுனேன். காவலுக்கு நிக்கிற மலாய்க்கார ஜாகா என்னா கேட்டான் தெரியுமா? காக்கா சாப்பாடு இதுல எங்கன்னு கேக்குறான், அவனுங்களுக்கு அக்கான்னா காக்கா. அங்க வேல செய்ற நம்ம புள்ளைங்களும் அதேதான். அக்கா சாப்பாடு இதுல வருமான்னு. எங்கப்பா பேரு ஒருத்தனுக்கும் தெரியல."

"உங்க பேரு?"

"என்னைய வேன் அங்கிள்ங்கிறானுங்க."

திரையின் உச்சியை விரலால் தொட்டார். பிறகு, "அக்கா சாப்பாடுன்னு போடு," என்றார்.

"அப்ப உங்கப்பா பேரு?"

"அப்பாதான் கடை போர்டுல இருக்காரே. அங்க அவரு நெத்தியில ஓட்ட இல்ல." எழுந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சொன்னேன்னு சொல்லாத. நீயா போட்டதா இருக்கட்டும்."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாமாவின் பேச்சைக் கேட்கவில்லை. பெயரை மாற்றிய கையோடு அடுக்களைக்குப் போய், "இது மாமா போடச் சொன்னது," என்று அக்காவிடம் நீட்டினேன். கை முழுக்க மசாலா என்பதால் வாங்காமல் குனிந்து பார்த்தாள். ஒரு தடவை படித்தாள், மறுபடியும் படித்தாள். அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"எழுத்து ரொம்ப சின்னதா இருக்கு. பெருசாக்கு," என்றாள்.

"பெருசாக்குனா கடைசியில மூணு புள்ளி வந்துடும்கா."

வெளியே மாமா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள்.

"வரட்டும். அவருக்கும் ஒரு எடம் வேணும்ல."